தெரியாத எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள்

அரசாங்க ஆஸ்பத்திரிதானே, அங்கே என்ன பெரிய செலவு என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். உண்மைதான், மூன்றாம் வகுப்பு வார்டுக்கு அவர்கள் வாங்குவது ஒன்றுமே இல்லை. என் மனைவி ஒன்பது நாள் படுத்துக் கிடந்துவிட்டு வந்தபோது கட்டிய பில், அந்த ஒன்பது நாளும் நான் காரை நிறுத்தக் கொடுத்த காசைவிடக் குறைவு. ஆனால் நான் எத்தனை ட்ரிப்பை விட்டேன் என்பது அந்த பில்லில் இருக்காது. மகளைக் காப்பாரில் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டதும், அங்கிருந்து தினமும் பள்ளிக்கு அனுப்பியதும் இருக்காது. ராத்திரி தூக்கம் கெட்டு மறுநாள் லோரியில் உட்கார்ந்து கண்ணை அகல விரித்து ஓட்டியது எந்த பில்லிலும் இருக்காது.

நான் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். பண்டமாரானில் ஒரு ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். போர்ட்டில் பெட்டியை ஏற்றி ஷா ஆலத்தில் இருக்கும் தொழிற்சாலைகளில் இறக்குவது என் வேலை. லோரி என்னுடையது இல்லை, தவுக்கேயுடையது. அவர் சீனர், நல்ல மனிதர், ஆனால் எல்லா முதலாளிகளையும்போல அவருக்கும் பேங்க் கடன் இருக்கிறது. எனக்குச் சம்பளம் ட்ரிப் கணக்கு. ஓடினால் உண்டு, ஓடாவிட்டால் வீட்டு வாடகைக்கே இழுபறி.

இந்த வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆகவே ஆகாது. டாக்டர்கள் வார்டைச் சுற்றி வருவது காலையில். அந்த நேரத்தில் நான் போர்ட் கேட்டில் ஒரு மைல் நீள வரிசையில் நிற்பேன். மத்தியானம் பார்வையாளர் நேரம் வரும்போது ஷா ஆலத்தில் யாராவது ஒரு ஸ்டோர் சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருப்பான், நான் பெட்டியை இறக்காமல் காத்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் லோரியை யார்டில் விட்டு, காரை எடுத்துக்கொண்டு, கிள்ளான் நெரிசலில் ஊர்ந்து வார்டுக்குப் போய்ச் சேரும்போது மணி அடித்து எல்லாரையும் வெளியே அனுப்பிக்கொண்டிருப்பார்கள். மூன்று அட்மிஷன் முடிந்தும் என் மனைவியின் டாக்டர் ஆணா பெண்ணா என்றுகூட நான் நேரில் பார்த்ததில்லை. டாக்டர் சொன்னதை அவள் எனக்குச் சொல்வாள். அவள் சொன்னதுதான் எனக்கு டாக்டர் சொன்னது.

அவளுக்கு வந்திருப்பது லூப்பஸ். தமிழில் அதற்கு என்ன பெயர் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டுக்காரர்களைப் போட்டு அடிக்கிற நோய் என்று அவள்தான் எனக்கு விளக்கினாள். முதலில் விரல் முட்டிகள் வீங்கின. பிறகு கன்னம் இரண்டும் சிவந்தன. "என்னடி, ஃபேஷியலா? ஆளே கலராயிட்டே!" என்று பக்கத்து வீட்டு ஆன்டி கிண்டல் செய்தார். பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்த பிறகு முகம் உப்பிப் போனது. கோயிலில் பார்த்தவர்கள் எல்லாம், "நல்லா சதை போட்டுட்டீங்க, இப்பதான் லட்சணமா இருக்கீங்க" என்றார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, "எல்லாம் உங்க அண்ணன் சமையல்" என்பாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் திருப்பி வைத்துவிடுவாள்.

அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். காலையில் கிள்ளானிலிருந்து ரயில் ஏறிப் போய், இருட்டுகிற நேரத்தில் திரும்பி வருவாள். அவள் வைக்கிற கழுத்துக்காகவே சிரம்பானிலிருந்து பெண்கள் வருவார்கள் என்று கடைக்கார அக்கா பெருமையாகச் சொல்வார். முதல் அட்மிஷனுக்கு அந்த அக்கா ஒரு கூடை பழத்தோடு வந்து பார்த்தார். இரண்டாவதற்கு போனில் பேசினார். மூன்றாவது, தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்தது. கடையில் துணி மலையாகக் குவிந்து கிடந்த நேரம். அக்கா பாவம், போனில் அழுதுகொண்டே, வேறு ஆள் போட்டுவிட்டதாகச் சொன்னார். யாரைக் குறை சொல்வது? அதோடு வீட்டில் என் ட்ரிப் மட்டும்தான் வருமானம் என்று ஆனது.

நாலாவது அட்மிஷன் ஒரு திங்கட்கிழமை. கிளினிக்குக்குப் போனவளை, சிறுநீரில் நுரை, பிரஷர் அதிகம் என்று அப்படியே வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போனில் சொன்னாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. சிறுநீரகத்தை நோய் தொட்டுவிட்டதோ என்று பார்க்க, ஊசி போட்டு ஒரு துண்டு சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமாம். அதற்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு மருந்தை மாற்ற வேண்டும், மாதாமாதம் வந்து ஊசி ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்களாம்.

புதன்கிழமை எப்படியோ லீவு சொல்லிவிட்டு மத்தியானம் வார்டுக்குப் போனேன். அங்கே தவுக்கே போன் செய்தார். நான் நடைபாதைக்கு வந்து பேசினேன். இந்த மாதத்தில் நான் வராத ஐந்தாவது நாள் இது, கஸ்டமர் கத்துகிறான், இனி ஒரு முறை இப்படி ஆனால் லோரியை வேறு டிரைவருக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பொறுமையாகச் சொன்னதால் நான் கெஞ்சினேன். "பாஸ், லோரிய மட்டும் எடுத்துராதீங்க. அது போனா எங்க குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துரும், பாஸ்" என்று சொன்னேன். திரும்பிப் பார்த்தால் என் மனைவி ஊசிக் குழாய் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு கழிவறைக்குப் போவதற்காகக் கதவருகில் நிற்கிறாள்.

"யாருங்க போன்ல?" என்று கேட்டாள்.

"கூட்டாளிதான். சும்மா வெட்டிப் பேச்சு."

"லோரிக்கு ஒன்னும் பிரச்சனை இல்லையே?"

"ஒரு பிரச்சனையும் இல்ல. நீ போய்ப் படு."

அவள் போய்ப் படுத்துவிட்டாள். நானும் சமாளித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்த இடத்தில் நான் போர்ட் வரிசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேட்டில் மணிக்கணக்காக நிற்கும்போது நாங்கள் நாலைந்து டிரைவர்கள் இறங்கி, ஒரு லோரி நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு, பேசுகிற ஸ்கேமரை ஓட்டு ஓட்டு என்று ஓட்டுவது. போலீஸ் என்பான், கோர்ட் என்பான், உங்கள் பெயரில் பார்சல் வந்திருக்கிறது என்பான். எங்களில் மூத்தவர் ஒருவர், நாங்கள் எல்லாரும் அண்ணே என்று கூப்பிடுகிறவர், அப்படி ஒரு போனை நம்பி வாழ்நாள் சேமிப்பை எல்லாம் விட்டவர். உங்கள் மகன் விபத்தில் சிக்கி ஆஸ்பத்திரியில் இருக்கிறான், ஆபரேஷனுக்குப் பணம் கட்டு என்று சொல்லி, அவரிடமிருந்து ஒரே காலையில் உருவிவிட்டார்கள். மகன் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் இந்த விளையாட்டு எங்களுக்குள் வந்தது. யார் நன்றாக ஓட்டுகிறாரோ அவருக்கு அன்றைக்குத் தே தாரேக் டீ இலவசம்.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வரிசை அசையவே இல்லை. என் போன் அடித்தது. தெரியாத கைப்பேசி எண். எல்லாரும், "போடு போடு, ஸ்பீக்கர்ல போடு" என்றார்கள். போட்டேன்.

சின்ன வயதுப் பெண் குரல், ஐயா என்பதுபோல என்சிக் போட்டு மலாயில் பேசியது. "என்சிக், நான் டாக்டர் பேசுறேன், வார்டிலிருந்து. நீங்கள் அவருடைய கணவர்தானே?" என்று என் மனைவி பெயரைச் சரியாகச் சொன்னது. உறுதி செய்துகொள்ள உங்கள் அடையாள அட்டை ஐசி நம்பரின் கடைசி நாலு எண்ணைச் சொல்ல முடியுமா என்றும் கேட்டது.

ஐசி என்றதும் நிழலில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு நொடி திக்கென்றது, மனைவி நிஜமாகவே வார்டில் இருக்கிறாளே என்று. அண்ணே என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். "பேரெல்லாம் அவனுங்களுக்குத் தெரியும்டா. டேட்டா எல்லாம் எப்பவோ வெளிய போயிருச்சு. எனக்கும் என் மகன் பேரச் சொல்லித்தான் பேசினானுங்க" என்றார். அவர் சொன்னதும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"எந்த மனைவி? எனக்கு நாலு பேர் இருக்காங்களே" என்றேன் மலாயில்.

அந்தக் குரல் கொஞ்சம் தடுமாறியது. "என்சிக், இது முக்கியமான விஷயம். அவருடைய சிறுநீரகம்..." என்று தொடங்கியது.

"கிட்னியா? ரெண்டையும் எடுத்துக்கோ! கிலோ என்ன விலைக்குப் போகுது?"

லோரி நிழலே அதிர்ந்தது. ஒருவன் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி இருமினான். நான் போனை வைத்தேன். மறுபடி அடித்தது, வெட்டினேன். மூன்றாம் முறையும் அடித்தது, எண்ணையே பிளாக் செய்தேன். அன்றைய தே தாரேக் எனக்குத்தான்.

ஆனால் அந்தத் திக் என்றது உள்ளே எங்கோ உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்றது. லோரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு மனைவிக்கு அடித்தேன். உடனே எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன், கிட்னி விலையைத் தவிர. "ஸ்கேமாத்தான் இருக்கும். இங்க எனக்கு ஒன்னும் இல்லங்க. நீங்க வச்சிட்டு வண்டிய ஓட்டுங்க" என்றாள். எனக்கு அப்படியே உடம்பு லேசாகிவிட்டது. அன்றைக்கு மூன்று ட்ரிப் அடித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கதவு திறந்திருக்கிறது. அவள் அடுப்படியில் நிற்கிறாள். "டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. கிராப் கார் புடிச்சு வந்துட்டேன். ஊசிப் பரிசோதனை இப்ப வேணாமாம், மருந்துலயே கேட்குதாம்" என்றாள். நான் சாமி படத்துக்கு முன் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மகளைக் கூட்டி வந்து, மூவருமாகக் கிள்ளானில் போய் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டோம். அங்கே உட்கார்ந்து காலையில் ஸ்கேமரை ஓட்டிய கதையை நடித்துக் காட்டினேன், இந்த முறை கிட்னி விலையையும் சேர்த்து. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு, கொஞ்சம் கழித்துச் சிரித்தாள்.

அதன் பிறகு பன்னிரண்டு நாட்கள். அந்தப் பன்னிரண்டு நாளையும் நான் இப்போது ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறேன். வீட்டுக்குள் காலுறை போட்டிருந்தாள், ஏன் என்று கேட்டதற்கு, "குளுருதுங்க" என்றாள். பண்டமாரான் வெயிலில் என்ன குளிர்? நான் அதோடு விட்டுவிட்டேன். கீழே படுத்தால் தூக்கம் வரவில்லை என்று நாற்காலியில் சாய்ந்தே தூங்கினாள். அதையும் விட்டுவிட்டேன். கல்யாண மோதிரம் விரலில் ஏறவில்லை என்று கழற்றி டப்பாவில் போட்டாள். ஸ்டீராய்டு வீக்கம் என்றாள், சரி என்றேன். எனக்கு அந்த நாட்களில் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆனால் டாக்டர் அனுப்பிவிட்டார் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று பயந்து கேட்காமலே இருந்தேன் என்பதுதான் நிஜம்.

பதின்மூன்றாம் நாள் நான் குளிர்பதனப் பெட்டி ஒன்றை ஏற்றிக்கொண்டு ஷா ஆலம் போகும் வழியில் இருந்தேன். உள்ளே உறைந்த கோழி. மத்தியானம் இரண்டு மணிக்குள் இறக்க வேண்டும் என்று தவுக்கே இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார். மனைவி போன் செய்தாள். "என்னங்க..." என்றாள். அப்புறம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. "என்னம்மா? என்னம்மா ஆச்சு?" என்று கத்தினேன். "முடியல... மூச்சு..." என்றாள். அவ்வளவுதான்.

ஆம்புலன்சுக்கு அடித்தேன். நேரம் ஆகும் என்றார்கள். பக்கத்து வீட்டு ஆன்டிக்கு அடித்தேன். முன்பு ஃபேஷியலா என்று கிண்டல் செய்த அதே ஆன்டி, செருப்புகூடப் போடாமல் ஓடி, மகன் காரில் அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். நான் அடுத்த திருப்பத்தில் லோரியைத் திருப்பினேன். லோரியை யார்டில் விட்டுவிட்டு காரில் போக வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. நாற்பது அடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கே போய் நின்றேன். காவலாளி ஓடி வந்து, "அண்ணே, இங்க எப்படிண்ணே! ஆம்புலன்ஸ் வர்ற வழிண்ணே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். சாலை ஓரமாகத் தள்ளி நிறுத்தி, விளக்கைச் சிமிட்ட விட்டு, இறங்கி ஓடினேன். பின்னால் கார்கள் ஹாரன் அடித்த சத்தம் எமர்ஜென்சி கதவு வரைக்கும் கேட்டது.

என்னை உள்ளே விடவில்லை. நாற்காலியில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தேன். தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். தவுக்கே அடித்துக்கொண்டே இருந்தார், எடுக்கவில்லை. கதவு திறந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். தலையில் நீல முக்காடு, சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"என்சிக், நீங்கள் அவருடைய கணவர்தானே?" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அதே குரல். அதே சொற்கள். அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு வேலையைப் பார்த்தார். இரண்டு சிறுநீரகமும் சரியாக வேலை செய்யவில்லை, தண்ணீர் நுரையீரலில் ஏறிவிட்டது, கழுத்தில் குழாய் வைத்து உடனே ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

போகும்போது திரும்பி நின்று மெதுவாகச் சொன்னார். "அன்றைக்கு உங்களுக்கு மூன்று முறை போன் செய்தேன். வார்டு போன் கிடைக்கவில்லை, என் போனிலிருந்து செய்தேன். அவர் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் வந்து பேசினால் கேட்பார் என்று நினைத்தேன்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். "மன்னிச்சிருங்க டாக்டர், ஸ்கேம்னு நினைச்சிட்டேன்" என்றேன். "நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ரெண்டையும் எடுத்துக்கோ என்று நான் சொன்ன அந்தச் சொல் என் காதிலேயே நின்றது. சுவரைப் பார்த்து நின்று அழுதேன். பாவி, எந்த நேரத்தில் எந்த வாயால் சொன்னேன்!

மறுநாள் காலை தவுக்கே ஆஸ்பத்திரிக்கே வந்தார். லோரியை ராத்திரியே மாற்றுச் சாவியோடு வேறு டிரைவரை அனுப்பி எடுத்துப்போயிருந்தார். கோழி தப்பித்துவிட்டது, ஆனால் நேரம் தப்பி இறங்கியதால் கஸ்டமர் போய்விட்டான். போலீஸ் சமன், அபராதம் வேறு. என் தோளில் கை வைத்து, "உன் நிலைமை எனக்குப் புரியுது. ஆனா என்னால முடியல" என்றார் மலாயில். ஒரு கவரை என் சட்டைப் பையில் திணித்தார். நான் சாவியைக் கொடுத்தேன். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. என்ன சொல்லி அவரைத் திட்டுவது?

மனைவி நாலு நாள் கழித்துத்தான் பேசும் நிலைக்கு வந்தாள். அதற்குள் ஊசிப் பரிசோதனையும் முடிந்திருந்தது. தழும்பு விழுந்த இடம் இனித் திரும்பாது, மீதியில் எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாது, புது மருந்தை ஏற்றிப் பார்ப்போம், அதுவரை வாரம் மூன்று முறை இயந்திரம்தான் என்று டாக்டர் சொன்னார். இந்த முறை எல்லாவற்றையும் நானே நின்று கேட்டேன். எனக்கு இப்போது காலையில் போக வேண்டிய இடம் வேறு எதுவும் இல்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். அழவில்லை. கழுத்தில் குழாயை வைத்துக்கொண்டு, மகள் சாப்பிட்டாளா, பள்ளிக்குப் போனாளா என்று என்னைக் கேட்டாள்.

டாக்டர் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்மா இப்படிப் பண்ணே? கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? அன்னிக்கு நான் போன் பண்ணிக் கேட்டப்பகூட ஸ்கேம்னு சொன்னியே!" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்க நினைத்தேன். குரல் பாதியில் உடைந்துவிட்டது.

"நீங்க தவுக்கேகிட்ட கெஞ்சுனத கேட்டேன்" என்றாள். "எனக்கு என்னமோ பண்ணிருச்சு. நீங்க யார்கிட்டயும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்ல. வெள்ளிக்கிழமை பரிசோதனைன்னா நீங்க மறுபடி லீவு போடுவீங்க. லோரி போயிரும். ஒரு மாசம் தள்ளி வச்சுக்கலாம்னு நினைச்சேன். ஒரு மாசத்துல என்ன ஆயிரப் போவுதுன்னு நினைச்சுட்டேன்."

"டாக்டர் சொல்லலையா, ஆபத்துன்னு?"

"சொன்னாங்க. அவங்க சொன்னது எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. லோரி போறது அதவிடப் பயமா இருந்துச்சு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீங்கிய விரல்கள், ஊசி குத்தி நீலம் பாய்ந்த புறங்கை. அவளே கேட்டாள். "என்னங்க, இந்நேரத்துக்கு இங்க உக்காந்திருக்கீங்க? இன்னிக்கு ட்ரிப் இல்லையா? லோரி எங்க நிக்குது?"

யார்டில் நிற்கிறது, சர்வீஸ் போட்டிருக்கிறார்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை வருஷமும் அப்படித்தானே சொல்லிச் சொல்லிக் காலத்தை ஓட்டினேன். அவளும் என்னிடம் அப்படித்தானே சொன்னாள். இந்த நிலைமையில் அவளிடம் போய் எப்படிச் சொல்வது, பிரஷர் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் பயம். சொல்லாமல் விட்டு, நாளைக்கு வேறு யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பக்கம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிருச்சும்மா" என்றேன். "அன்னிக்கு லோரியோட இங்க வந்துட்டேன். மறுநாளே தவுக்கே சாவிய வாங்கிட்டாரு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "எந்த லோரி?" என்று கேட்டாள். பிறகு புரிந்தது. சிறுநீரகம் எவ்வளவு தேறும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், கழுத்துக் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தலையணையில் புதைத்து, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். "அப்ப நான் எதுக்குங்க அன்னிக்கு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்? எதுக்குங்க வந்தேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். அந்தப் பக்கம் கட்டிலில் இருந்த சீனப் பாட்டிகூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு டியூட்டி நர்ஸ் ஓடி வந்தார். குழாயைப் பார்த்தார், பிரஷரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரொம்ப வலிக்குதா அவங்களுக்கு?" என்று கேட்டார்.

"ஆமாம் மிஸ்ஸி" என்றேன்.